இரண்டு எப்போது ஒன்றாகும்?

எம்பிலிப்பிட்டிய நகரில், பெல்மதுளையிலிருந்து தெற்கே செல்லும் பெருந்தெருவை ஒட்டி, என் இளமைக்காலத்தில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. நகரின் ஒருபுறம் வளவை கங்கையின் நீர் பாயும் வயல்வெளி. வடக்கே ரக்வானைப் பக்கமாக ஏறினால் தேயிலை மலைகள். மலையிலிருந்து மாதமொருமுறை இறங்கி வரும் தோட்டத்து மக்கள் சிலருக்கு அக்கடையிற் கடன் உண்டு. அவர்களுள் அண்ணன் தம்பியர் இருவர். ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களிற் குடியிருந்தோர். ஒரு மாத முடிவில் இருவரது பற்றும் ஐந்நூறு ரூபாவாக நின்றது. கணக்கெழுதப் புதிதாக வந்திருந்த இளைஞன், தொகையும் ஒன்று, தந்தை பெயரும் ஒன்று, தோட்டமும் ஒன்று என்று கண்டு, இரண்டு பக்கங்களை எதற்காக வீணாக்குவது என எண்ணி, ஒரே பக்கத்தில் இருவர் பெயரையும் எழுதி ஆயிரம் என்று பதிந்துவிட்டான். அன்றைய தினம் எவருக்கும் ஒரு சதமேனும் நட்டமில்லை. கூட்டுத்தொகையும் பிழையில்லை. சில மாதங்களின் பின் தம்பி வேலை தேடிக் கொழும்புக்குப் போனான். தன் ஐந்நூறைக் கட்டிய அண்ணனிடம், கணக்கில் இன்னும் ஐந்நூறு நிற்கிறது என்று சொல்லப்பட்டது. அவன் கட்டவும் கட்டினான்.

அந்த இளைஞன் வஞ்சகனல்லன். அவன் செய்தது ஒரு சிக்கனம். வேறுபாடு புலப்படாத இரண்டை ஒன்றாகக் கொள்ளலாம் என்று அவன் கருதினான். கருதிய அந்தக் கணத்தில் அவன் கண்ட அளவில் வேறுபாடு எதுவும் இருக்கவுமில்லை. பல ஆண்டுகள் கழித்துக் கணினியியல் கற்கப் புகுந்தபோது, இதே சிக்கனத்தை, மிகுந்த அறிவும் நேர்மையுமுடைய பொறியியலாளர் செய்து பார்த்து, பின்னர் கைவிட்ட வரலாறு ஒன்றினைக் கண்டேன். அந்த வரலாறு, தத்துவ மாணவர் கணினிக்கு வெளியே வைத்துப் பன்னெடுங்காலமாகக் கேட்டு வரும் ஒரு வினாவைத் தொட்டு நிற்கிறது. அதனை இங்கு ஆராய முற்படுகிறேன். கணினி அறியாத வாசகர் அஞ்ச வேண்டியதில்லை. கடைக் கணக்கை விளங்கிக் கொண்டவருக்கு எஞ்சியதும் விளங்கும்.

கணித பாடத்திற் சார்பு என்று நாம் கற்ற கருத்தே நிரல்மொழிகளிலும் வழங்குகிறது. ஒன்றைக் கொடுத்தால் இன்னதைத் திருப்பித் தருக என்னும் கட்டளைத் தொகுதி அது. நிரலை வாசித்து அவ்வப்போதே நிறைவேற்றும் மென்பொருளை இன்டர்பிரிட்டர் என்பர். பல மொழிகளில் சார்பு என்பது வெறும் கட்டளை மட்டுமன்று. எண்ணைப் போல, சொல்லைப் போல, கையிலெடுத்துப் பிறரிடம் கொடுக்கத்தக்க ஒரு பொருள். அதனாற் சார்பினை வரையறுக்கும் இடத்தை இன்டர்பிரிட்டர் வந்தடையும் ஒவ்வொரு முறையும், நினைவகத்தில் அத்தகைய பொருளொன்றைக் கட்டியெழுப்ப வேண்டியுள்ளது. பைதன் மொழியை எடுத்துக் கொள்வோம். ஒரு சார்பின் உள்ளே இன்னொரு சார்பு வரையறுக்கப்பட்டிருப்பின், உட்சார்பின் கட்டளைகள் ஒரே ஒரு முறைதான் மொழிமாற்றம் பெறுகின்றன. ஆனால் வெளிச்சார்பு நூறு முறை அழைக்கப்பட்டால் நூறு சார்புப் பொருள்கள் பிறக்கின்றன. நூறும் சுட்டி நிற்கும் கட்டளைத் தொகுதி ஒன்றே.

கட்டளை ஒன்றாயின் பொருள் ஏன் நூறாதல் வேண்டும்? இவ்வினாவிற்கான விடை 1964 ஆம் ஆண்டு பீட்டர் லாண்டின் என்னும் ஆங்கிலேய அறிஞரால் ஒரு சொல்லாக வடிக்கப்பட்டது. அச்சொல் குளோஷர், அடைப்பு என்று தமிழிற் கூறலாம். சார்பின் கட்டளையில் அதற்குள்ளே பொருள் வரையறுக்கப்படாத பெயர்கள் சில இருக்கும். அவற்றின் பொருளைச் சார்பு தான் பிறந்த சூழலிலிருந்து பெறுகிறது. கட்டளையும் அச்சூழலும் சேர்த்து ஒன்றாக அடைக்கப்பட்ட பொருளே சார்பு என்றார் லாண்டின். இன்று எளிதாகத் தோன்றும் இக்கருத்து எளிதாக நிலைபெற்றதன்று. 1950களின் இறுதியில் ஜோன் மக்கார்த்தி ஆக்கிய லிஸ்ப் மொழியின் தொடக்க வடிவங்களிற் சார்பொன்று, தான் எங்கே பிறந்தது என்பதை மறந்து, எங்கே அழைக்கப்படுகிறதோ அவ்விடத்துப் பெயர்களையே தன் பெயர்களாகக் கொண்டுவிடும். பிறந்த வீட்டில் 'அவர்' என்றால் தந்தை. புகுந்த வீட்டில் 'அவர்' என்றால் வேறொருவர். சொல்லை மட்டும் எடுத்துச் சென்று சூழலை விட்டுச் சென்றால் நேர்வது அது. ஜோயல் மோசஸ் 1970 இல் இச்சிக்கலை விரித்து எழுதினார். 1975 இல் சஸ்மனும் ஸ்டீலும் வெளியிட்ட ஸ்கீம் மொழி பிறந்த சூழலையே சார்புக்குரிய சூழலாக ஏற்றது. அதன்பின் வந்த மொழிகளிற் பெரும்பாலானவை அவ்வழி நடந்தன.

மலைநாட்டவருக்கு இதனை விளக்க வேறொரு வழியுண்டு. இன்று தோட்டங்களில் வி.பி. தேயிலை எனப்படுவது விதையிலிருந்து வந்ததன்று. தாய்ச்செடி ஒன்றிலிருந்து ஓர் இலையும் கணுவுமாக வெட்டியெடுத்த துண்டைப் பொலித்தீன் பையில் வேரூன்றச் செய்து நடுகிறார்கள். டி.ஆர்.ஐ. 2025 என்று பெயர்பெற்ற வகையின் செடிகள் யாவும் பிறப்பியல்பால் ஒன்றே. ஆயினும் தலவாக்கலை உயரத்தில் நட்டதும் இரத்தினபுரித் தாழ்நிலத்தில் நட்டதும் ஒரே தேநீரைத் தருவதில்லை. செடி என்பது கணுவும் மண்ணும் சேர்ந்தது. இவ்வுவமை ஓரளவுக்கே பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்: மண் செடியை மாற்றுகிறது, சார்பின் சூழலோ கட்டளையை மாற்றுவதில்லை. கட்டளை எழுதியபடியே இருக்க, அதிலுள்ள பெயர்கள் எதனைக் குறிக்கின்றன என்பதே வேறுபடுகிறது.

இனி, சிக்கனம் எங்கே புகுந்தது என்பதைப் பார்க்கலாம். நூறு பொருள்களைக் கட்டுவதற்கு நூறு முறை நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். பயன் முடிந்தபின் நூறையும் கூட்டிப் பெருக்க வேண்டும். ஆகவே இன்டர்பிரிட்டரை ஆக்குவோர் சார்புப் பொருளைக் கட்டும் வேலையைச் செம்மையாக்குவதில் ஓயாத கவனம் செலுத்தி வருகின்றனர். சில திருத்தங்கள் தச்சர் வேலை போன்றவை. பைதனின் 3.13 ஆம் பதிப்பு, 2024 இல் வெளிவந்தது, பொருளைக் கட்டும் கட்டளையை இலகுவாக்கி, இயல்புநிலை மதிப்பு, அடைப்பு முதலிய உபரிகளைத் தேவைப்படின் தனித்தனியே பின்னர் பொருத்தும்படி செய்தது. இத்தகைய திருத்தத்தில் அறக்கேள்வி எதுவும் இல்லை. வேறு சில திருத்தங்கள் அப்படியல்ல.

லூவா என்பது பிரேசில் நாட்டு மொழி. போர்த்துக்கேய மொழியில் அப்பெயருக்கு நிலவு என்று பொருள். ரியோ டி ஜெனீரோ கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் 1993 இல் இயெருசலிம்ஸ்கி, பிகெய்ரெடோ, செலெஸ் என்னும் மூவர் அதனை ஆக்கினர். வெளிநாட்டுக் கணினிப் பொருள்களின் இறக்குமதிக்குப் பிரேசில் நெடுங்காலம் கடுந்தடை விதித்திருந்தது. வேண்டியதைத் தாமே செய்துகொள்ளும் பழக்கம் அத்தடையினால் வளர்ந்தது என்று அவர்களே பின்னர் எழுதினர். நம்மைப் போன்ற நாட்டவர் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது. லூவாவின் 5.1 ஆம் பதிப்புவரை, சார்பின் வரையறையை அடையும் ஒவ்வொரு முறையும் புதிய பொருள் பிறந்தது. 2011 இன் இறுதியில் வந்த 5.2 ஆம் பதிப்பு விதியை மாற்றியது. புதிதாகப் பிறக்கவிருக்கும் சார்புக்கும் முன்னரே பிறந்த ஒன்றுக்கும் இடையே கண்டறியத்தக்க வேறுபாடு இல்லையெனின், புதியது பிறக்க வேண்டியதில்லை, பழையதையே மீண்டும் கொடுக்கலாம் என்றது அது.

நடைமுறை இவ்வாறு: ஒவ்வொரு கட்டளைத் தொகுதியும் தன்னிலிருந்து இறுதியாகப் பிறந்த சார்பை நினைவில் வைத்திருக்கும். அடுத்த முறை பொருள் வேண்டப்படும்போது, அந்தப் பழைய சார்பு பற்றியிருக்கும் மாறிகளும் புதியது பற்றவேண்டிய மாறிகளும் ஒன்றொன்றாக ஒப்பிடப்படும். யாவும் ஒன்றாயின் பழையது கொடுக்கப்படும். இங்கே கூர்ந்து நோக்க வேண்டியது, ஒப்பிடப்படுவது மாறிகளின் மதிப்பன்று என்பது. மாறி என்பது மதிப்பு வைக்கப்படும் பெட்டி. இரண்டு பெட்டிகளில் ஐந்நூறு ஐந்நூறாக இருந்தால் அவை ஒன்றாகா. இரு சார்புகளும் ஒரே பெட்டியைப் பற்றியிருந்தாலே ஒன்றாகும். ஏனெனில் இன்று மதிப்பு ஒன்றாயிருக்கும் இரண்டு பெட்டிகளுள் ஒன்றில் நாளை வேறு மதிப்பு வைக்கப்படலாம். எம்பிலிப்பிட்டியக் கடையின் இளைஞன் தவறியது இவ்விடத்திலேயே. அவன் மதிப்பை ஒப்பிட்டான், பெட்டியை ஒப்பிடவில்லை. ரியோவின் அறிஞர் அத்தவற்றைச் செய்யவில்லை. இதனை அவர்களுக்குரிய பெருமையாகவே சொல்கிறேன்.

ஆயினும் வினா அத்துடன் தீரவில்லை. கண்டறியத்தக்க வேறுபாடு என்றால், எவரால், எக்கருவியால் கண்டறியத்தக்கது?

லைப்னிட்ஸ் என்னும் ஜெர்மானியத் தத்துவஞானி, எல்லாவகையிலும் ஒத்த இரண்டு பொருள்கள் உலகில் இருத்தல் இயலாது, அவ்வாறு ஒத்தவை ஒன்றேயாகும் என்று வாதித்தவர். கிளார்க்குடன் 1715, 1716 ஆம் ஆண்டுகளில் நடத்திய கடிதப் போரில், ஹெரன்ஹவுசன் பூங்காவில் இளவரசி சோபியாவின் முன்னிலையில் ஒரு கனவான், முற்றிலும் ஒத்த இரண்டு இலைகளைக் கண்டுபிடிப்பேன் என்று பூங்கா முழுவதும் தேடித் தோற்ற கதையை அவர் கூறுகிறார். நாள் முழுதும் ஈரிலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்து பறிக்கும் பெண்ணொருத்தியைக் கேட்டிருந்தால், அக்கனவானின் உழைப்பு மிச்சமாகியிருக்கும். இந்தியச் சிந்தனையில் வைசேடிகர் எதிர்த்திசையிற் சென்றனர். குணத்தாலும் வடிவாலும் வேறுபாடில்லாத அணுக்கள் உண்டு. ஆயினும் அவை பல. அவற்றைப் பலவாக்குவது ஒவ்வொன்றிலும் உள்ள விசேடம் என்னும் தனிப்பொருள் என்றனர். லைப்னிட்ஸுக்கு வேறுபாடு இல்லையேல் இரண்டு இல்லை. வைசேடிகருக்கோ இரண்டு உள்ளமையால், நம் கண்ணுக்குப் புலப்படினும் புலப்படாவிடினும், வேறுபாடு உண்டு. 1952 இல் மக்ஸ் பிளாக், வேறெதுவுமற்ற ஒரு பேரண்டத்தில் முற்றும் ஒத்த இரண்டு கோளங்கள் மட்டுமே இருப்பதாகக் கற்பனை செய்யும்படி கேட்டு, இவ்வழக்கைப் புதுப்பித்தார். வழக்கு இன்னும் முடியவில்லை.

மொழியை ஆக்குவோன் இவ்விருவருள் எவர் பக்கமும் சேர வேண்டியதில்லை என்று முதலில் தோன்றும். அவனுடைய உலகில் வேறுபாட்டைக் கண்டறியும் கருவிகள் எண்ணி முடிக்கத்தக்கவை. சார்பை அழைத்துப் பார்க்கலாம். அது பற்றிய பெட்டிகளை மாற்றிப் பார்க்கலாம். வேறு சிலவும் உண்டு. அவை யாவற்றாலும் வேறுபாடு தெரியாதெனின் வேறுபாடு இல்லை. உலகைப் படைத்தவனே உலகிலுள்ள கண்களையும் படைத்தவனாதலால், எந்தக் கண்ணுக்கும் தெரியாது என்று அவன் உறுதி கூறலாம். ஆனால் ஒரு கண் எஞ்சிவிடுகிறது. இவ்விரண்டும் ஒன்றா என்று நேரே கேட்கும் ஒப்பீட்டுக் குறியே அது. பழைய லூவாவில் இரு சார்புகளை அக்குறியால் ஒப்பிட்டால் வேறு என்ற விடை வந்தது. புதிய லூவாவில் ஒன்று என்ற விடை வரலாம். ஆகவே வேறுபாடு கண்டறியத்தக்கதாகவே இருந்தது. கண்டறியும் அந்த ஒரு வினாவைக் கணக்கிற் கொள்ளாது விட்டே, கண்டறியத்தக்க வேறுபாடு இல்லை எனப்பட்டது. நீதிமன்றில் ஒரு சாட்சியை வெளியே நிறுத்திவிட்டு, சாட்சிகள் எவரும் மறுக்கவில்லை என்று தீர்ப்பெழுதுவது போன்றது இது. லூவாவின் கைநூல் இதனை மறைக்கவில்லை. சார்புகளின் ஒப்புமை பற்றிய கருத்தே மாறிவிட்டது என்று வெளிப்படையாக அறிவித்தது. அந்த நேர்மை குறிப்பிடத்தக்கது. ஆயினும் எந்தச் சாட்சியை நிறுத்துவது என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டியிருந்தது என்பதை அந்நேர்மை மாற்றிவிடாது.

பிற மொழிகள் வேறு வழிகளை நாடின. பைதனிற் சார்புப் பொருளின்மேல் நாம் விரும்பிய பண்பொன்றை ஒட்டிவைக்கலாம். ஒன்றில் ஒட்டியது மற்றொன்றில் தோன்றலாகாது. எனவே அங்கே இரண்டை ஒன்றாக்குதல் இயலாது. கொழும்பில் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தில் ஆக்கப்பட்டு 2019 இல் முதற் பதிப்பாக வந்த பலரினா மொழி இன்னும் சுவையான வழியை மேற்கொள்கிறது. அங்கே மதிப்பின் சமத்துவத்தைக் கேட்கும் குறி, எண், சொல், பட்டியல் போன்ற தூய தரவுகளுக்கே உரியது. சார்புகள் அவ்வகையைச் சேரா. இரு சார்புகள் சமமா என்று அக்குறியால் வினவினால், நிரல் இயங்கத் தொடங்கு முன்னரே மொழி அவ்வினாவை ஏற்க மறுக்கிறது. இலங்கையில் ஆக்கிய மொழியொன்று, செயல்வல்ல ஒன்றை இன்னொன்றோடு சமமா என்று அவ்வாறு கேட்காதே என்று சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது. இது என் தனிப்பட்ட விருப்பம். அதனை வாதமாக முன்வைக்கவில்லை.

லூவாவின் கதை 2020 இல் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டு வெளியான 5.4 ஆம் பதிப்பில் அச்சிக்கனம் நீக்கப்பட்டுவிட்டது. காரணங்கள் தத்துவம் சார்ந்தனவல்ல. முற்றிலும் நடைமுறை சார்ந்தன. அதனால் வேகம் அளக்கத்தக்க அளவு கூடியதாக இயல்பான எடுத்துக்காட்டு ஒன்றைக் காண்பதே அரிதாயிருந்தது. நிரலெழுதுவோர் சார்பைக் கட்டுவது செலவுமிக்கது என்று முன்னரே கருதி, விரைவு வேண்டுமிடங்களில் தாமாகவே அதனைத் தவிர்த்து வந்தனர். மூன்றாவது காரணமே என்னைச் சிந்திக்க வைத்தது. நினைவகத்தைப் பெருக்கும் புதிய முறையொன்று, பொருள்களை மூத்தவை, இளையவை எனப் பிரித்து நடத்துகிறது. மூத்த பொருள் இளைய பொருளைச் சுட்டி நிற்பதில்லை என்ற எதிர்பார்ப்பின் மேலேயே அதன் விரைவு தங்கியுள்ளது. கட்டளைத் தொகுதியோ மூத்தது. அது நினைவில் வைத்திருந்த சார்போ அண்மையிற் பிறந்தது. மூத்தது இளையதைப் பிடித்து வைத்திருந்தமையால் அவ்வொழுங்கு குலைந்து, அதனைச் சரிசெய்யும் ஏற்பாடு சிக்கலாயிற்று. ஒன்பதாண்டுகள் ஒரு சிறு சேமிப்பிற்காகத் தாங்கிய சிக்கல், சேமிப்பைவிடப் பெரிதென்று கண்டு அதனை எடுத்துவிட்டனர்.

இனிச் சொல்லப் போவதைச் சற்றுத் தயக்கத்துடனேயே சொல்கிறேன். மனிதரை இயந்திரப் பொருளுக்கு ஒப்பிடுவது எனக்கு உடன்பாடன்று. ஆனால் மனிதரைக் கணக்கில் எழுதுவோர் அவ்வொப்பீட்டை நமக்கு முன்னரே செய்துவிட்டனர்.

தோட்டத்தில் ஒருநாள் வேலைக்குப் பேர் என்று பெயர். நிர்ணயித்த அளவு கொழுந்து எடுத்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும்; குறைந்தால் அரைப்பேர். சபரகமுவத் தோட்டங்களில் வளர்ந்தோருக்கு இச்சொற்கள் பழகியவை; பழக்கத்தினாலேயே அவற்றின் விநோதம் நமக்குப் புலப்படுவதில்லை. பெயர் என்பது ஒருவரை மற்றொருவரிலிருந்து பிரித்துக் காட்டுவது. அச்சொல்லே இங்கு ஒருவரை மற்றொருவரோடு மாற்றிக்கொள்ளத்தக்க அலகாகிவிட்டது. ஒரு மனிதரின் பெயர் அரைவாசியாக எழுதப்படலாம் என்று எந்த இலக்கணமும் சொன்னதில்லை. காய்ச்சலோடு மலையேறியவளின் அரைப்பேரும், மழைக்கு ஒதுங்கி நின்றவளின் அரைப்பேரும் ஏட்டில் ஒன்றே. அவ்வேடு கண்டறியும் கருவிகள் இரண்டு: தராசும் நாட்காட்டியும். அவ்விரண்டினுக்கும் புலப்படாத வேறுபாடு வேறுபாடன்று.

இதனினும் பெரிய ஏடும் உண்டு. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் மலையக மக்களிற் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964 ஒக்டோபர் 30 இல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், அவ்வாறு நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்மானிப்பதென்றும் கூறிற்று. 1974 இல் அந்த எஞ்சியோரை நாடொன்றுக்கு 75,000 என்று சரிபாதியாகப் பகிர்ந்தனர். இவ்வெண்களின் கூட்டல் முற்றிலும் சரி. கடைக்கார இளைஞனின் கூட்டலும் சரியாகவே இருந்தது. இரு தலைநகரங்களில் அமர்ந்தவருக்கு வேண்டியது எத்தனை பேர் என்பதே, எவர் என்பதன்று. எண்ணிக்கை நிறையும்வரை ஒருவருக்குப் பதில் மற்றொருவர் நிற்கலாம். கட்டளை ஒன்று, சூழல் கணக்கிற் கொள்ளப்படவில்லை. யாருடைய தாய் எந்த மலையிற் புதைக்கப்பட்டிருக்கிறாள், எவருடைய மூத்த பிள்ளை எந்தத் தோட்டத்தில் மணம் முடித்திருக்கிறது என்பன அவ்வெண்கள் பற்றியிருந்த பெட்டிகளல்ல.

பின்னர் தீர்மானிப்பது என்ற சொற்றொடரிலும் நிற்க வேண்டியுள்ளது. வேண்டும்வரை ஒரு கணிப்பைத் தள்ளிப்போடுதல் இன்டர்பிரிட்டரை ஆக்குவோர் விரும்பும் இன்னொரு உத்தி. 2025 ஒக்டோபரில் வெளியான பைதன் 3.14, சார்பின் உள்ளீடுகள் எவ்வகையின என்று எழுதப்படும் குறிப்புகளைச் சார்பு கட்டப்படும்போதே கணித்துவிடாமல், எவரேனும் கேட்கும்போது மட்டும் கணிக்கிறது. பெரும்பாலும் எவரும் கேட்பதில்லையாதலால் இது நல்ல சேமிப்பு. ஆனால் தள்ளிவைத்த கணிப்பு, அது நிகழும் வேளையில் அப்பெயர்கள் எதனைக் குறிக்கின்றனவோ அதனையே காணும். சார்பு கட்டப்பட்ட வேளையில் எதனைக் குறித்தன என்பதை அது காணாது. இடையிற் பெயரொன்றின் பொருள் மாறியிருப்பின் விடையும் மாறும். நிரலில் இது தெரிந்தே ஏற்கப்படும் விளைவு. ஒன்றரை இலட்சம் மனிதரின் நாடு எது என்ற கணிப்பு பத்தாண்டுகள் தள்ளிவைக்கப்பட்டபோது, அவர்களைச் சூழ்ந்திருந்தவை எவ்வளவு மாறின என்பதைக் கணக்கெடுத்தவர் யார்? அந்த நெடிய வழக்கின் எச்சங்களைத் தீர்க்கும் சட்டம், இலங்கையில் வாழும் இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்குவது, 2003 இல் 35 ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. 1948 இல் கைக்குழந்தையாக இருந்தவர் அப்போது ஐம்பத்தைந்து வயதினர்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதுமாகும். பலரை ஒன்றாகக் கொள்ளாமல் எந்த அரசும், எந்த நிறுவனமும், ஏன், எந்தச் சட்டமும் இயங்க முடியாது. ஒவ்வொருவரின் சூழலையும் தனித்தனியே எடைபோடப் புகுந்தால் நீதி என்பதே சலுகையாகச் சரிந்துவிடும். செல்வாக்குடையவரின் சூழலே முதலில் எடைபோடப்படும். தோட்டத்து மக்கள் நெடுங்காலம் வேண்டி நின்றதும் தமக்கென ஒரு தனி அளவுகோலையன்று, மற்றவருக்குள்ள அதே அளவுகோலையே. இம்மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் பைதனின் நூறு சார்புகள் எவ்வாறு கட்டப்படுகின்றன என்பதை மீண்டும் நோக்குங்கள். அங்கேயும் ஒருமை உண்டு: நூறும் ஒரே கட்டளையைப் பகிர்ந்து கொள்கின்றன. அப்பகிர்வு பெருஞ்சிக்கனம்; அதனால் எவருக்கும் இழப்பில்லை; நூறுக்கும் நூறு கட்டளை எழுதுவதே பிழையாகும். பகிரப்படாதது, ஒவ்வொன்றும் எதனைப் பற்றியிருக்கிறது என்பது. சட்டம் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது கட்டளையின் ஒருமை. ஆட்கள் ஒன்றாகக் கொள்ளப்படலாம் என்பது பொருளின் ஒருமை. முன்னதைக் கேட்டவருக்குப் பின்னதைக் கொடுத்துவிட்டு, கேட்ட சமத்துவம் இதுதானே என்று கூறுவது, 1964 இல் மட்டும் நிகழ்ந்த செயலன்று.

லூவாவை ஆக்கியோருக்கு ஒரு வாய்ப்பிருந்தது: தம் உலகில் எத்தனை கண்கள் உள்ளன என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். ஒரே ஒரு கண்ணைப் பற்றியே அவர்களுக்கு ஐயம். அதனையும் கைநூலில் எழுதிவைத்தனர். ஒன்பதாண்டுகளின் பின் திருத்தியபோது, ஒன்றாக்கப்பட்டிருந்த எந்தச் சார்பும் அதனால் துன்புற்றிருக்கவில்லை. பழைய முறை மீண்டும் வந்தது, அவ்வளவே. செக்ரோல் எழுதுபவருக்கும் ஒப்பந்தம் எழுதுபவருக்கும் இவ்விரண்டு வாய்ப்புகளும் இல்லை. கண்கள் எத்தனை என்பதை அவர்கள் அறியார். ஒன்றாக்கிய பின் பிரித்தெடுக்கும் வழியும் அவர்களிடம் இல்லை.

எம்பிலிப்பிட்டியக் கடையின் முதலாளி இவற்றுள் எதனையும் கற்றவரல்லர். அண்ணன் பணம் கட்டிச் சென்ற அன்று மாலை, கணக்கேட்டை எடுத்து, அப்பக்கத்தை நீண்டநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பின்னர் அடுத்த பக்கத்தைப் புரட்டி, தம்பியின் பெயரை மட்டும் எழுதி, அதன்கீழ் ஐந்நூறு என்று போட்டார். அண்ணனின் பக்கத்தில், வரவேண்டியதற்கு நேராக அல்ல, கொடுக்க வேண்டியதற்கு நேராக, அதே ஐந்நூறை எழுதினார். அடுத்த மாதம் அண்ணன் மலையிலிருந்து இறங்கி வந்து, அரிசிக்கும் மாவுக்கும் காசை நீட்டியபோது அவர் அதனை வாங்கவில்லை. தம்பியின் பக்கம் நான் அக்கடையைக் கடைசியாகப் பார்த்த நாள்வரை வெறுமையாகவே கிடந்தது.